லேப்டாப் உர்ருனு அதிருதுன்னா மாத்த வேண்டியது லேப்டாப் இல்ல

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. காரைக்குடி பக்கம் கண்டனூர்ல வீடு, புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு பாக்குறீங்க, அஞ்சு வருசமான 15 இன்ச் லேப்டாப், உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஸ்லோவா இருக்குன்னு ஒரு கடைல சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினதுல இருந்து இடது உள்ளங்கை வைக்கிற எடத்துல உர்ர்ருனு ஒரு அதிர்வு. வீட்டுல ஐயா காலத்து தேக்கு மேஜைல வச்சா மேஜையே முனகுது, மில்லு ஆபீஸ்ல வச்சா ஒண்ணும் தெரியல, கடைக்காரர் "பழசாயிருச்சு, புதுசு வாங்கிருங்க"ங்கிறாரு. இதானே?

புதுசெல்லாம் வாங்க வேணாம். நீங்க சொன்னத வச்சுப் பாத்தா டிஸ்க்க உள்ள சரியா உக்கார வைக்கலைன்னுதான் தோணுது. ஆனா தோணுறத நம்பி டேட்டாவ பணயம் வைக்கக் கூடாது, அதனால இதப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே டேலி கணக்கு சாஃப்ட்வேர் டேட்டாவ வெளிய எடுத்துருங்க. டேலி ப்ரைம்ல ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினா வர்ற மெனுல பேக்கப் இருக்கும், பென்டிரைவ்ல ஒரு காப்பி, கூகுள் டிரைவ்ல ஒரு காப்பி. அப்புறம் ஜிஎஸ்டி சம்பந்தப்பட்டது, நெல் கொள்முதல் எக்செல், கடைசியாத்தான் போட்டோ வீடியோ. இந்த வரிசை முக்கியம், ஏன்னா உடம்பு சரியில்லாத டிஸ்க் பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதுதான் நடுவுல படுத்துக்கும், கல்யாண வீடியோ 40 ஜிபிய முதல்ல போட்டுவிட்டு அது பாதில நின்னு கணக்கும் போச்சுன்னா மொதலாளிக்கு என்ன பதில் சொல்றது. பேக்கப் எடுக்காம டீஃப்ராக், முழு டிஸ்க் ஸ்கேன் எதையும் தொடாதீங்க, அதெல்லாம் டிஸ்க்க மணிக்கணக்குல ஓட விடுற வேலை.

எங்கிட்ட யார் அதிர்வுன்னு வந்தாலும் நான் கேக்குற மொத கேள்வி எவ்வளவு அதிருதுன்னு இல்ல, எப்ப ஆரம்பிச்சதுன்னுதான். வாங்கின நாள்ல இருந்தே லேசா இருக்கு, கூடவும் இல்ல குறையவும் இல்லன்னா அது அந்த டிஸ்க்கோட சுபாவம், விட்டுரலாம். உங்கள மாதிரி கழட்டி மாட்டினப்புறம் வந்துச்சுன்னா பொருத்தினதுல கோளாறு. கீழ விழுந்தப்புறம் வந்துச்சுன்னா நிஜமாவே பயப்படணும், உள்ள இருக்கிற தட்டு அச்சுல இருந்து துளி நகர்ந்திருந்தாலும் பேலன்ஸ் போயிரும், அத வெளிய இருந்து யாரும் சரி பண்ண முடியாது. எந்தக் காரணமும் இல்லாம தானா ஆரம்பிச்சு வாரா வாரம் கூடுதுன்னா மோட்டார் பேரிங் தேயுது, அந்த டிஸ்க் கெளம்பத் தயாராயிருச்சு.

இது டிஸ்க்தானான்னு உறுதி பண்ணாம யாரும் ஸ்க்ரூடிரைவர எடுக்காதீங்க. லேப்டாப்ல சுத்துற சாமான் மூணு: டிஸ்க், ஃபேன், டிவிடி டிரைவ் இருந்தா அது. நாலாவதா சுத்தாமலே அதிருற ஒண்ணு இருக்கு, அத கடைசில சொல்றேன், நம்ம ஊரு வீட்டுக்காரங்க அத அவசியம் படிக்கணும்.

டிவிடி விசயம் சின்னது, ஆனா சிரிப்பு வரும். பள்ளத்தூர்ல இருந்து ஒரு ஆச்சி லேப்டாப்ப கொண்டு வந்து "ஆன் பண்ணா மோட்டார் போட்ட கணக்கா ஆடுது தம்பி, கரண்டு வருமோன்னு பயமா இருக்கு"ன்னாங்க. ட்ரேய தட்டினா உள்ள மகன் கல்யாண டிவிடி. ஸ்டுடியோக்காரர் மேல மாப்பிள்ளை பொண்ணு போட்டோவ பேப்பர் ஸ்டிக்கரா ஒட்டிக் கொடுத்திருக்காரு, ஸ்டிக்கர் அரை சென்டிமீட்டர் ஒரு பக்கமா தள்ளி, ஓரமும் பேந்து நிக்குது. டிவிடி வேகமா சுத்தும்போது அந்தத் துண்டு பேப்பர் எடையே போதும் லேப்டாப்பே நடுங்குறதுக்கு. அது உள்ள கெடக்குறது அவங்களுக்கே மறந்து போச்சு, ஆன் பண்றப்பல்லாம் விண்டோஸ் அதப் படிக்கப் பாக்குது, அவ்வளவுதான் கதை. உங்க லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்தா மொதல்ல அத திறந்து உள்ள ஏதாவது கெடக்கான்னு பாத்துருங்க.

ஃபேனா டிஸ்க்கான்னு பிரிக்கிறது காதுக்கு எளிது. ஃபேன் சூட்டுக்கு ஏத்தபடி வேகம் மாத்தும், நாலு யூடியூப் வீடியோவ ஒண்ணா ஓட விட்டீங்கன்னா ரெண்டு நிமிசத்துல சுருதி ஏறும், நிறுத்தினா இறங்கும். டிஸ்க் அப்படி இல்ல, 5400 ஆர்பிஎம்னா ஆன் பண்ணி அஞ்சாறு செகண்ட்ல அந்த வேகத்தப் பிடிச்சிரும், அப்புறம் நீங்க என்ன வேலை செஞ்சாலும் ஒரே சுருதிதான். கணக்கு போட்டுப் பாருங்க, நிமிசத்துக்கு 5400 சுத்துன்னா செகண்டுக்கு 90, அதாவது 90 ஹெர்ட்ஸ். 7200 டிஸ்க்னா 120. ரெண்டுமே கைக்கு நல்லா ஒரைக்கிற அதிர்வெண், காதுல தாழ்வா ஒரு முனகலாத்தான் கேக்கும். உங்களுக்கு மேஜை முனகுதுன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அது இதான்.

மில்லுல வேலை பாக்குறதால ஃபேனையும் நான் சந்தேகப்படாம விட மாட்டேன். தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் ஃபேன் எலைல ஒட்டி, ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைச்சலா படிஞ்சா அதுவும் அதிரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் எலைய ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டு அடிங்க, சும்மா அடிச்சா கண்டபடி சுத்தி பேரிங் போயிரும்.

இன்னும் சந்தேகம்னா கடைசி சோதனை ஒண்ணு இருக்கு, இதுல தப்பவே முடியாது. ஷட்டவுன் பண்ணி, சார்ஜர எடுத்து, பேட்டரிய கழட்டி (உள்ள இருக்கிற பேட்டரின்னா அடி மூடியத் திறந்து அதோட கனெக்டர உருவி), டிஸ்க்க வெளிய எடுத்து வச்சிருங்க. பேட்டரிய திரும்ப மாட்டி ஆன் பண்ணுங்க. பூட் டிவைஸ் இல்லன்னு கத்தும், கத்தட்டும். இப்ப உள்ள ஃபேன் மட்டும்தான் ஓடுது. அதிர்வு நின்னுருச்சா? அப்ப டிஸ்க்தான். நிக்கலையா? டிஸ்க் மேல பழி போடாதீங்க.

டிஸ்க்தான்னு வச்சுக்குவோம். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் அதிரும், அத மொதல்ல மனசுல வச்சுக்கங்க, கண்ணாடியிலயோ அலுமினியத்துலயோ செஞ்ச தட்டு செகண்டுக்கு 90 தரம் சுத்துது, எவ்வளவு துல்லியமா செஞ்சாலும் துளி பேலன்ஸ் குறை இருக்கத்தான் செய்யும். அந்த அதிர்வு பாடிக்குப் போகாம இருக்கத்தான் நடுவுல ரப்பர் வைக்கிறாங்க. ரப்பர் இல்லாம போனா டிஸ்க்ல இருந்து அது உக்காந்திருக்கிற சட்டம் (கேடி), கேடில இருந்து அடி மூடி, அடி மூடில இருந்து மேஜைன்னு நேரா இறங்கும். உங்க வீட்டு தேக்கு மேஜை மேல பலகை, கீழ காலியா ஒரு இழுப்பறை, அது வீணைக்குடம் மாதிரி, டிஸ்க் போடுற சின்ன முனகல வாங்கி பெருசாக்கிக் கொடுத்துருது. அதே லேப்டாப்ப ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரைல வச்சுப் பாருங்க, சத்தம் பாதிக்கு மேல செத்துரும். அதனால சத்தத்த வச்சு டிஸ்க் எவ்வளவு கெட்டிருக்குன்னு எடை போடாதீங்க. லேப்டாப்புக்கு அடில நாலு ரப்பர் கால் இருக்கணும், அதுல ஒண்ணு விழுந்திருந்தாலும் மூணு கால்ல நின்னு தடதடன்னு அடிக்கும், அதையும் பாத்துக்கங்க. துணியோ போர்வையோ விரிச்சு அது மேல வச்சு தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, அடில காத்துப் போற ஓட்டை அடைஞ்சா அது வேற வம்பு.

மில்லுல ஏன் தெரியலைங்கிறதுக்கு பதிலும் இதுலயே இருக்கு. அங்க தெரியலையே தவிர இல்லாம இல்ல. உமி நீக்குற மெசினும் பாலிஷரும் ஓடுற கட்டடத்துல தரையே அதிருது, அதுல உங்க டிஸ்க்கோட முனகல் கைக்கு எப்படித் தெரியும். ஆனா அங்கதான் டிஸ்க்குக்கு நிஜமான கஷ்டம், ஏன்னா வெளிய இருந்து வர்ற அதிர்வு உள்ள போகுது. டேட்டாவப் படிக்கிற ரீட் ஹெட்டு தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல மெதந்துக்கிட்டு, தலைமுடியவிட ரொம்ப ரொம்ப மெல்லிசான ட்ராக்க, அதாவது டேட்டா எழுதின வட்டக் கோட்ட, விட்டு வெலகாம படிக்கணும். கட்டடம் அதிர்ந்தா வெலகும், அந்த சுத்துல படிக்க முடியாது, அடுத்த சுத்து வரைக்கும் காத்திருந்து திரும்பப் படிக்கும். உங்களுக்கு அது "ஸ்லோவா இருக்கு"ன்னு தெரியும். நீங்க சர்வீஸுக்கே ஸ்லோன்னுதான் கொடுத்தீங்க, அது மில்லுல மட்டும் ஸ்லோவா வீட்டுலயும் ஸ்லோவான்னு யோசிச்சுப் பாத்தீங்களா?

இது நான் அடிச்சு விடுறது இல்ல. 2008ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பாத்த பிரெண்டன் கிரெக்னு ஒரு என்ஜினியர் சர்வர் டிஸ்க் அடுக்கு முன்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்தினாரு, கத்தின நேரத்துக்கு மட்டும் டிஸ்க் பதில் சொல்ற நேரம் எகிறினது கிராஃப்ல அப்படியே வந்துச்சு. இதவிட வேடிக்கையானது 2022ல மைக்ரோசாப்ட்டோட ரேமண்ட் சென் எழுதினது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல ஒரு பாப் பாட்ட ஓட்டினா குறிப்பிட்ட சில லேப்டாப் க்ராஷ் ஆகிருக்கு, பாட்டு ஓடாம பக்கத்துல சும்மா இருந்த லேப்டாப்பும் சேர்ந்து க்ராஷ் ஆகிருக்கு. தேடிப் பாத்தா அந்தப் பாட்டுல இருந்த ஒரு அதிர்வெண்ணும் உள்ள இருந்த 5400 ஆர்பிஎம் டிஸ்க்கோட இயற்கை அதிர்வெண்ணும் ஒத்துப் போயிருக்கு. லேப்டாப் கம்பெனி டிஸ்க்க மாத்தல, ஆடியோல அந்த அதிர்வெண்ண மட்டும் வடிகட்டுற ஃபில்டரப் போட்டு விட்டாங்க. இதுக்கு சிவிஇ-2022-38392ன்னு செக்யூரிட்டி நம்பரே கொடுத்திருக்காங்க. ஒரு பாட்டுக்கே இந்த கதின்னா நெல்லு மில்லுக்கு என்ன சொல்றது.

சரி, திறக்குற கதைக்கு வருவோம். அடி மூடியக் கழட்டினா டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துல உக்காந்திருக்கும், அதத்தான் கேடின்னு சொல்றோம். சில மாடல்ல தகரம் கிடையாது, டிஸ்க்கோட ரெண்டு பக்கமும் கருப்பு ரப்பர் பட்டை மாட்டி பள்ளத்துல அப்படியே அமுக்கி வச்சிருப்பாங்க. எதுவா இருந்தாலும் கைய வச்சு மெதுவா ஆட்டிப் பாருங்க. துளிகூட லொடலொடக்கக் கூடாது. லொடலொடத்தா அங்கதான் உங்க வியாதி. கேடிக்கு பக்கவாட்டுல நாலு ஸ்க்ரூ இருக்கணும், சர்வீஸ் ஆன மெசின்ல ரெண்டுதான் இருக்கும், மிச்ச ரெண்டு யார் மேஜை அடில உருண்டு கெடக்கோ. 2.5 இன்ச் டிஸ்க்குக்கு எம்3 ஸ்க்ரூ, நீளம் மூணு மில்லிமீட்டர் அளவுதான், டெஸ்க்டாப் பெட்டில கெடந்த நீள ஸ்க்ரூவ எடுத்து முறுக்கினா உள்ள போர்டையோ பாடியையோ குத்திரும்.

இன்னொண்ணு தடிமன். பழைய லேப்டாப் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர், இப்ப வர்றது பெரும்பாலும் 7. ஒம்பதரை எடத்துல ஏழ வச்சா ரெண்டரை மில்லிமீட்டர் சந்து, அதுக்குன்னு ஒரு ப்ளாஸ்டிக் சட்டம் இருக்கு, ஸ்பேசர்னு கேட்டா கொடுப்பாங்க. அது இல்லாம நம்மாளுங்க என்னென்னமோ சொருகுவாங்க. ஒரு லேப்டாப்ப திறந்தேன், டிஸ்க்குக்கும் மூடிக்கும் நடுவுல நாலா மடிச்ச கல்யாணப் பத்திரிகை, நல்ல தடிமனான அட்டை, சந்தன நெறம், ஓரத்துல மஞ்சள் தடவினதுகூட அப்படியே இருக்கு. மொதல்ல நல்லாத்தான் பிடிச்சிருக்கும். டிஸ்க் சூட்டுல அட்டை காஞ்சு அமுங்கிப் போய் சந்து விட்டுருச்சு, அதுக்கப்புறம் அட்டையே டிஸ்க்கோட சேர்ந்து பர்ர்ருனு அடிக்க ஆரம்பிச்சிருக்கு. எடுத்துட்டு ஸ்பேசர் போட்டதும் கப்சிப். அந்தப் பத்திரிகைய திருப்பிக் கொடுத்தப்ப "அட, நம்ம சித்தப்பா மகன் கல்யாணம்"னு அவரு உக்காந்து படிக்க ஆரம்பிச்சுட்டாரு.

உங்க மெசின்லயும் ரப்பர் பட்டை இருந்து சர்வீஸ்ல அத விட்டிருக்கலாம், இல்ல அஞ்சு வருச சூட்டுல கல்லு கணக்கா எறுகிப் போயிருக்கலாம். நகத்தால அமுக்கிப் பாருங்க, பள்ளம் விழுந்து மேல வரணும். வரலைன்னா உங்க மாடல் பேர் சொல்லி ஆன்லைன்ல தேடினா தனியாவே கெடைக்கும். கெடைக்கிற வரைக்கும் சைக்கிள் ட்யூப்ல மெல்லிசா ஒரு பட்டை வெட்டி பக்கவாட்டுல மட்டும் வச்சு ஓட்டலாம், பச்சை போர்டு இருக்கிற பக்கம் வைக்காதீங்க, அந்த ரப்பர்ல கரி கலந்திருக்கும், கரண்டு கடத்தலாம். டிஸ்க் மூடில சின்னதா ஒரு ஓட்டையும் பக்கத்துல "இத மூடாதே"ன்னு இங்கிலீஷ்ல எழுதினதும் இருக்கும், உள்ளயும் வெளியயும் காத்தழுத்தம் சமமாகுறதுக்கு வச்ச ஓட்டை அது, அது மேல ஃபோமோ டேப்போ ஒட்டாதீங்க. டிஸ்க்க சுத்தி ஃபோம் அடைச்சு மெத்தை கட்டவும் வேணாம். டேட்டாஷீட்ல 60 டிகிரி வரைக்கும் தாங்கும்னுதான் போட்டிருப்பாங்க, ஆனா நம்ம ஊரு சித்திரை வெயில்ல ரூமே 40க்கு நிக்கும்போது டிஸ்க் 50 தாண்டினா நான் சும்மா இருக்க மாட்டேன்.

திரும்ப மாட்டி ஆன் பண்ணதும் க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இறக்கி ஓட்டுங்க. மேல "குட்"னு நீலத்துல காட்டுறத மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க, கீழ இருக்கிற பட்டியல்ல ஐடி பாத்து ரா வேல்யூவப் படிங்க. அது வழக்கமா ஹெக்ஸ்ல, அதாவது எழுத்தும் நம்பரும் கலந்து காட்டும், ஃபங்ஷன் மெனுல சாதாரண டெசிமலுக்கு மாத்திக்கலாம். 05ன்னு இருக்கிறது கெட்டுப்போய் மாத்தி வச்ச செக்டார் (டேட்டா வைக்கிற சின்னத் துண்டு) எண்ணிக்கை, சி5 படிக்க முடியாம மாத்தக் காத்திருக்கிற செக்டார், சி6 முயற்சி பண்ணியும் படிக்க முடியாதது. மூணும் பூஜ்யமா இருந்தா நிம்மதி. 05ல ஏதோ ஒரு சின்ன நம்பர் மாசக்கணக்கா அப்படியே நின்னா பொறுத்துக்கலாம், சி5 நேத்து 8 இன்னைக்கு 24ன்னு ஏறுச்சுன்னா அந்த டிஸ்க்க நம்பி ஒரு பில்லுகூட போடாதீங்க. 0ஏ பூஜ்யத்துக்கு மேல இருந்தா மோட்டார் ஒரே தடவைல வேகம் பிடிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிருக்குன்னு அர்த்தம், அதிர்வு கேஸ்ல நான் அதத்தான் மொதல்ல பாப்பேன். பிஎஃப்னு ஒண்ணு சில டிஸ்க்ல இருக்கும், தூக்கிப் போட்டது, இடிச்சது, ஆட்டினது எல்லாத்துக்கும் அதுல கணக்கு ஏறும், மில்லுல வச்சு ஓட்டுற டிஸ்க்ல அது எவ்வளவுன்னு பாக்க எனக்கே ஆசையா இருக்கு. சி7 ஏறினா டிஸ்க்க திட்டாதீங்க, அது பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோ லூசு. சீகேட் டிஸ்க்ல 01, 07 ரெண்டும் கோடிக்கணக்குல காட்டும், அது அந்தக் கம்பெனி நம்பர் எழுதுற விதம், பாத்துட்டு நெஞ்சப் பிடிச்சுக்காதீங்க.

09ன்னு ஒரு வரி இருக்கும், டிஸ்க் மொத்தம் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு. நீங்க ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருசத்துக்கு 300 நாள்னு வச்சா அஞ்சு வருசத்துக்கு 12,000 வரணும். அதுல 30,000னு காட்டினா அது நீங்க கொடுத்த டிஸ்க் இல்ல தம்பி, யாரோ ஓட்டிக் கழிச்சது. எல்லாக் கடையும் அப்படின்னு சொல்லல, ஆனா பாக்குறதுக்கு காசா பணமா.

சத்தத்தையும் கவனிங்க. உர்ருனு ஒரே சீரா இருந்தா பதற வேணாம். டக்... டக்... டக்னு ஒரே இடைவெளில அடிச்சு, மெசினே நின்னு போனா ஹெட்டு எங்க இருக்கோம்னு தெரியாம தேடுது, உடனே ஆஃப் பண்ணிருங்க. சரசரன்னு உரசுற சத்தம் வந்தா அதுக்கும் மேல, ஒவ்வொரு செகண்டும் டேட்டா தூளாகுது, திரும்ப ஆன் பண்ணிப் பாக்கவே கூடாது. ஃப்ரிட்ஜ்ல வச்சா சரியாகும், கையால தட்டினா சரியாகும்னு யாராவது சொல்லுவாங்க, அவங்க டிஸ்க்ல பண்ணிக்கச் சொல்லுங்க. மூடியக் கழட்டி தட்டப் பாக்குறேன்னு ஆரம்பிக்கிறதும் அப்படித்தான், ஹெட்டு மெதக்குற உயரத்துக்கு ஒரு தூசியே மலை. ஓடிக்கிட்டு இருக்கிற லேப்டாப்ப ஒரு கையால ஓரத்தப் பிடிச்சு சடார்னு தூக்கி ஆளுக்கு ஆள் கொடுக்குற பழக்கத்த மில்லுல நிறுத்துங்க, ஸ்லீப் போட்டு டிஸ்க் நின்னப்புறம் தூக்குங்க.

செட்டிங்ஸ்ல பண்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. பவர் ஆப்ஷன்ஸ்ல போய் அட்வான்ஸ்டுக்குள்ள ஹார்ட் டிஸ்க் எத்தன நிமிசத்துல நிக்கணும்னு ஒண்ணு இருக்கும், வழக்கமா 20. அத அஞ்சா குறைச்சா சும்மா இருக்கிற நேரம் அமைதியா இருக்கும், ஆனா நின்னு நின்னு ஓடுறதும் மோட்டாருக்கு நல்லதில்ல, நான் மாத்த மாட்டேன். லினக்ஸ் போட்டவங்களுக்கு ஹெச்டிபார்ம்ங்கிற கமாண்ட்ல ஏபிஎம்னு டிஸ்க் பவர மிச்சம் பிடிக்கிற நம்பர் இருக்கு, 127 வரைக்கும் வச்சா டிஸ்க் நிக்கலாம், 128ல இருந்து 254 வரைக்கும் நிக்காது, 255 வச்சா ஏபிஎம்மே கிடையாது. டிக்கு டிக்குனு அடிக்கடி ஹெட்ட பார்க் பண்ற டிஸ்க்குக்கு 254 வச்சா அடங்கும். அதிர்வுக்கு இது மருந்து இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டு என் மனசுல இருக்கிறதையும் சொல்லிடுறேன். ரப்பரும் ஸ்பேசரும் போட்டா உங்க வீட்டு மேஜை முனகல் நிக்கும், மில்லு கட்டடம் அதிர்றது நிக்காது. அந்த எடத்துல சுத்துற டிஸ்க்குக்கு வேலையே இல்ல, சிப்புல டேட்டா வைக்கிற எஸ்எஸ்டி போட்டுருங்க. அதுல அசையுற பாகமே கிடையாது, மெசின் மேலயே வச்சு ஓட்டினாலும் அதுக்குத் தெரியாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி உங்க டிஸ்க் இருக்கிற எடத்துலயே அப்படியே உக்காரும், அதுவும் 7 மில்லிமீட்டர்தான், ஒம்பதரை பள்ளம்னா அதே ஸ்பேசர் வேணும். செகண்டுக்கு 100 எம்பி ஓடுற டிஸ்க்க எடுத்துட்டு 500க்கு மேல ஓடுறத போட்டா, நீங்க ஸ்லோன்னு சர்வீஸுக்குக் கொடுத்தீங்களே, அந்தப் பிரச்சனையும் அங்கயே முடிஞ்சிரும். போர்டுல எம்.2 ஸ்லாட் (சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டி மாட்டுற எடம்) இருந்தா அதுல போடலாம், ஆனா அது எடுத்துக்கிறது சாட்டா வகையா என்விஎம்இ வகையான்னு மாடல் நம்பர வச்சுப் பாத்துட்டு வாங்குங்க, பாக்க ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், மாத்தி வாங்கினா ஒண்ணு மாட்டாது, இல்லன்னா மாட்டினாலும் தெரியாது.

டிஸ்க் நல்லா இருந்தா க்ளோன்ஜில்லாங்கிற இலவச சாஃப்ட்வேர்ல மொத்தத்தையும் அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் பண்ணிக்கலாம், எஸ்எஸ்டி அளவு டிஸ்க்கவிட சின்னதா இருந்தா மட்டும் கொஞ்சம் மெனக்கெடணும், பார்ட்டிஷன முதல்ல சுருக்கணும். சி5 ஏறின டிஸ்க்க க்ளோன் பண்ணாதீங்க, புதுசா விண்டோஸ் போட்டு டேட்டாவ மட்டும் எடுத்துப் போடுங்க, டேட்டா பேக்கப்ல இல்லாம உள்ளயே மாட்டிக்கிட்டா டிடி ரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆள்கிட்ட போங்க, அது படிக்க முடியுற எடத்த முதல்ல எடுத்துட்டு முரண்டு பிடிக்கிற எடத்துக்குக் கடைசில வரும். பிட்லாக்கர்னு விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு ஆன்ல இருக்கான்னு பாத்து ரெகவரி கீய எழுதி வச்சுக்காம எதையும் கழட்டாதீங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, அதனால புதுசா போடுறதுன்னா ப்ராசசர் விண்டோஸ் 11க்கு ஏத்ததான்னும் பாத்துக்கங்க, இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து.

கழட்டின பழைய டிஸ்க்க என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. நம்பர் எல்லாம் பூஜ்யமா இருந்தா யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டு வீட்டுல பேக்கப்புக்கு வச்சுக்கங்க. 05, சி5 ஏறினதுன்னா அதுல பேக்கப் வைக்கிறது வைக்காம இருக்கிறதவிட மோசம், இருக்குன்னு நம்பிக்கிட்டே இருப்பீங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல பர்மா தேக்குத் தூணு, எனாமல் சட்டி, பழைய கடிகாரம் எல்லாத்தையும் எடுப்பாங்க, இத எடுக்க மாட்டாங்க. யாருக்காவது கொடுக்குறதா இருந்தா மில்லு கணக்கு உள்ள இருக்குன்னு ஞாபகம் வச்சு முழுசா அழிச்சுட்டுக் கொடுங்க, குவிக் ஃபார்மட் பத்தாது.

அப்புறம் சுத்தாமலே அதிருறதுன்னு சொன்னேன்ல, அது எர்த்து. மெட்டல் பாடி லேப்டாப்ல சார்ஜர் மாட்டியிருக்கும்போது விரல லேசா தடவினா குறுகுறுன்னு, அதிருற மாதிரியே இருக்கும். விரல அசைக்காம வச்சா ஒண்ணும் தெரியாது, சார்ஜர உருவினா அந்த நிமிசமே நிக்கும். டிஸ்க் அதிர்வு சார்ஜர உருவினா நிக்காது, இதான் வித்தியாசம். சார்ஜருக்குள்ள இருக்கிற ஒரு கெப்பாசிட்டர் வழியா ரொம்பக் கம்மியா கசியுற கரண்டு எர்த்துக்குப் போக வழி இல்லாம பாடில வந்து நிக்குது, மில்லி ஆம்பியருக்கும் கீழ, ஆள ஒண்ணும் பண்ணாது. ஆனா மூணு பின் சார்ஜர்லயும் அப்படி வந்தா உங்க வீட்டுல எர்த்து சரியில்லன்னு அது சொல்லுது, அதுதான் விசயம். நம்ம பக்கம் பழைய வீடுகள்ல முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டுன்னு தூரந்தூரமா மரப்பட்டைக்குள்ள ஒயர் ஓடும், பாதி எடத்துல ரெண்டு பின் ப்ளக்குதான், மூணு பின் இருந்தாலும் எர்த்து ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. மூணு பின் சார்ஜர ரெண்டு பின் அடாப்டர்ல சொருகிறதும் இதே கதைதான். எலக்ட்ரீசியன கூப்பிட்டு எர்த்த ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, லேப்டாப்புக்காக இல்ல, அதே லைன்லதான் வாஷிங் மெசினும் வாட்டர் ஹீட்டரும் ஓடுது.

நீங்க முதல்ல சார்ஜர் உருவிப் பாக்குற சோதனைய பண்ணுங்க, அது ஒரு நிமிச வேலை. அப்புறம் 05, 09, 0ஏ, சி5, சி6 அஞ்சு வரியும் தெரியுற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட், கேடிய திறந்தா அதோட நாலு பக்கமும் ஒரு போட்டோ, ரெண்டையும் அனுப்புங்க. ரப்பர் மட்டும் போதுமா எஸ்எஸ்டிக்கே போயிரலாமான்னு அதப் பாத்துட்டு சொல்றேன்.